ரூஸ்வெல்ட்டின் கடல் கரண்ட்

ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? போலியோ, உலகப்போர், நாலு முறை ஜெயிச்ச அமெரிக்க ஜனாதிபதி. நடுவில் ஒரு டைடல் பவர் ப்ளான்ட்டும் உண்டு.

1882-ல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு பணக்கார வீட்டில் பிறந்தவர். சின்ன வயசில் கோடை வந்தால் குடும்பத்தோட கனடாவின் கேம்போபெல்லோ தீவுக்குப் போய்விடுவார். எதிர்க்கரையில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலம். அதன் கிழக்கு மூலையில், மத்தி மீனை டின்னில் அடைத்துப் பிழைத்த ஈஸ்ட்போர்ட். இங்கே கடல் தினம் இரண்டு முறை சராசரியாக 18 அடி ஏறி இறங்கும். கிட்டத்தட்ட இரண்டு மாடி உயரம்! அந்தத் தண்ணீரில்தான் அவர் படகு ஓட்டிப் பழகினார்.

1921-ல், 39 வயசில், போலியோ தாக்கியதும் அதே தீவில்தான். மறுபடி அங்கே வர 12 வருஷம் ஆச்சு. அப்போ அவர் ஜனாதிபதி.

தீவில் அவருக்குத் தெரிந்தவர் டெக்ஸ்டர் கூப்பர், அணை கட்டும் இன்ஜினியர். அவரோட ஐடியா எனக்கு ரொம்பப் பிடிச்சது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு விரிகுடாக்களை அணை போட்டு அடைக்கணும். கடல் ஏறும்போது ஒன்றை நிரப்பி மூடணும். வத்தும்போது இன்னொன்றைக் காலி பண்ணி மூடணும். மேலிருந்து கீழே தண்ணீர் பாய்ந்துகொண்டே இருக்கும், டர்பைன் நிற்காது. ஆனா பெரிய விரிகுடாவில் பெரும்பகுதி கனடாவோடது. மீன்வளம் கெடும்னு பயந்து கனடா ஒதுங்கிக்கொண்டது.

1935-ல் ரூஸ்வெல்ட் அமெரிக்கப் பக்கம் இருந்த காப்ஸ்கூக் விரிகுடாவில் மட்டும் வேலையைத் தொடங்கவைத்தார். ஒரே தேக்கம்னா சிக்கல் உங்களுக்கே புரியும்: உள்ளேயும் வெளியேயும் மட்டம் சமமானா கரண்ட் நின்னுடும். அந்த நேரமும் நிலாவோடு சேர்ந்து தினம் 50 நிமிஷம் தள்ளிப்போகும். ஆனாலும் வேலையில்லாம கிடந்த ஊருக்கு ஆயிரக்கணக்கில் வேலை வந்தது. தொழிலாளர்களுக்காக 'குவாடி வில்லேஜ்' என்று ஒரு குடியிருப்பே எழுந்தது. எதிர்த்தவர்கள் கேட்டது ஒன்றுதான்: இவ்வளவு மின்சாரத்தை அந்த மூலையில் யார் வாங்குவது? 1936-ல் செனட் பணம் தர மறுத்தது. அதற்குள் சுமார் 70 லட்சம் டாலர் செலவாகியிருந்தது.

கேள்வி நியாயம்தான்னு நினைக்கிறேன். அந்த ஊருக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு பெரிசா வரைஞ்சுட்டாங்க. 2012-ல் அதே விரிகுடாவில், அணையே இல்லாமல், நீரோட்டத்திலேயே சுழலும் ஒரு சின்ன டர்பைன் கிரிட்டில் இணைந்தது.

கூப்பர் 1938-ல் இறந்தார், ரூஸ்வெல்ட் 1945-ல், பதவியில் இருக்கும்போதே. அன்றைக்குக் கட்டி முடித்த சிறு அணைகள் மேல்தான் ஈஸ்ட்போர்ட்டுக்குள் போகும் ரோடு இன்னும் ஓடுது.