அருளின் பெயர் தாங்கிய புனித ஜோன் ஆர்க்

பிரெஞ்சு நாட்டின் கிழக்கே, மியூஸ் ஆற்றங்கரையில் தோம்ரெமி என்பது ஒரு சிற்றூர். 1412-ஆம் ஆண்டளவில் அவ்வூர்க் குடியானவர் ஜாக் ஆர்க் என்பவருக்கும் அவர் மனைவி இசபெல்லாவுக்கும் பிறந்த பெண் குழந்தைக்கு, ஊர்க் கோவிலாகிய புனித ரெமிஜியுஸ் ஆலயத்தில் திருமுழுக்கு அளிக்கப்பட்டது. அந்நாட்டு வழக்கப்படி ஞானப்பெற்றோர் பலர் நின்றனர். ஞானத்தாய்மாருள் ஒருவரின் பெயர் ழான்; ஞானத்தந்தையர் இருவர் தாங்கியிருந்ததும் அதே பெயரின் ஆண்பால் வடிவம். குழந்தைக்கும் ழான் என்றே பெயரிட்டனர். வீட்டில் செல்லமாக ழானெத் என்று அழைத்தனர். இவரையே உலகம் ஜோன் ஆஃப் ஆர்க் என்று அறியும்.

இப்பெயரின் வேர் எபிரேய மொழியில் உள்ளது. யோகனான் என்றால் கடவுள் அருள் கூர்ந்தார் என்று பொருள். அது கிரேக்கத்தில் யோவான்னெஸ் ஆகி, இலத்தீனுக்கு வந்து, பெண்பாலில் யோவான்னா ஆயிற்று. ஏரோதின் மாளிகை மேலாளர் கூசாவின் மனைவி யோவன்னாவை லூக்கா நற்செய்தியில் நாம் சந்திக்கிறோம். ஆண்டவருக்குப் பணிவிடை செய்தவர், உயிர்ப்பின் காலையில் கல்லறைக்குச் சென்றவர். இத்தாலியர் அப்பெயரை ஜொவான்னா என்றும், ஸ்பானியர் ஹுவானா என்றும், ஜெர்மானியர் யோஹான்னா என்றும், ஆங்கிலேயர் ஜோன் என்றும் தத்தம் நாவுக்கேற்ப வழங்கினர். ரஷ்யரோ பிரெஞ்சு ஒலியையே வாங்கி ழான்னா என்கின்றனர். தமிழகத்தில் நம் முன்னோர் செய்ததுதான் தனிச் சிறப்பு. அவர்கள் ஒலியை விட்டுப் பொருளைப் பற்றிக்கொண்டு, யோவானை அருளப்பர் ஆக்கினர். போர்த்துக்கலில் பிறந்த யோவான் தெ பிரித்தோவும் அருளானந்தர் ஆனார். அவ்வழியில் பார்த்தால் ழான் என்பவரை அருளம்மாள் என்று நாம் அழைப்பதில் பிழையில்லை.

அந்த அருளம்மாளின் வாழ்வு பத்தொன்பது ஆண்டுகளே. பதின்மூன்று வயதளவில் தந்தையின் தோட்டத்தில் அவர் வானகக் குரலைக் கேட்டார். அதிதூதர் மிக்கேலும், புனிதைகள் கத்தரீனாவும் மார்கரீத்தாவும் தம்மிடம் பேசியதாகச் சொன்னார். ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் தலைமுறை தலைமுறையாய் நடந்த போரில், இளவரசர் சார்லஸ் முடிசூடவும் வழியின்றி ஒதுங்கிக் கிடந்த காலம் அது. 1429-ஆம் ஆண்டு ஆண் உடை அணிந்து புறப்பட்ட இப்பெண் இளவரசரைக் கண்டார். ஏப்ரல் 29-இல் முற்றுகையிடப்பட்ட ஓர்லியான் நகருள் நுழைந்தார். மே 8-இல் முற்றுகை நீங்கியது. ஜூலை 17-இல் ரேம்ஸ் பேராலயத்தில் சார்லஸ் முடிசூடியபோது, தம் கொடியுடன் அருகில் நின்றார். அக்கொடியில் எழுதியிருந்தவை இயேசு, மரியா என்னும் திருப்பெயர்களே. படைநடத்திய கதையைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அதனை இங்கே விரிக்கவில்லை.

எழுதப் படிக்கத் தெரியாத இவர், தம் பெயரை மட்டும் எழுதக் கற்றுக்கொண்டார். வெடிமருந்தும் கந்தகமும் அம்பும் அனுப்புமாறு ரியோம் நகரத்தாரைக் கேட்டு 1429 நவம்பர் 9-இல் சொல்லி எழுதுவித்த கடிதத்தின் அடியில், அவர் கைப்பட இட்ட ஒப்பம் உண்டு. அவ்வாறு ஒப்பமிட்ட கடிதங்கள் மூன்று இன்றும் இருக்கின்றன. இக்காலப் பிரெஞ்சில் ஆறெழுத்தான பெயரை அவர் பழைய முறையில் ஏழெழுத்தாக எழுதியிருக்கிறார். நடுவே நிற்கும் அந்த அதிகப்படியான ஹகரம் எபிரேயத்திலிருந்து வந்த தடம்.

1430 மே 23-இல் கொம்பியேனில் பிடிபட்டார். 10,000 லீவர் பணத்துக்கு ஆங்கிலேயரிடம் ஒப்புவிக்கப்பட்டார். ரூவான் கோட்டையில் அவரை விசாரித்தவர் போவே மறைமாவட்டத்தின் ஆயர் பியேர் கோஷோன். சுற்றி அமர்ந்தவர்கள் குருக்களும் மறைநூல் வல்லுநரும். இதனை எழுதும்போது குருவாகிய நமக்கு நாணமாகவே இருக்கிறது. ஆயினும் மறைத்துச் சொல்வதற்கில்லை.

1431 பிப்ரவரி 21-இல் முதல் விசாரணை. பெயர் என்ன என்று கேட்டனர். ஊரில் ழானெத், பிரான்சுக்கு வந்தபின் ழான் என்றார். குடும்பப் பெயர் தமக்குத் தெரியாது என்றார். பின்னொரு நாள், தம் பக்கத்துப் பெண்கள் தாயின் பெயரையே தாங்குவர் என்று விளக்கினார். தாய்க்கு ரோமே என்றொரு பெயரும் இருந்தது. ரோமைக்கோ வேறு திருத்தலத்துக்கோ யாத்திரை சென்றவர்களை அப்படி அழைப்பதுண்டு. ஆக, நாம் இன்று சொல்லும் ஆர்க் என்ற பின்பெயரை அவர் வழங்கியதே இல்லை. அவர் பிரெஞ்சில் சொன்னதெல்லாம் பின்னர் இலத்தீனில் பெயர்க்கப்பட்டபோது, ஏட்டில் அவர் யோவான்னா ஆனார்.

மூன்று நாள் கழித்து, பிப்ரவரி 24-இல், கண்ணி வைத்தாற்போல் ஒரு கேள்வி வந்தது. தாம் கடவுளின் அருள் நிலையில் இருப்பதாக அறிவாரா? ஆம் என்றால் ஆணவம். தனக்கு அருள் உண்டென்று எவரும் உறுதியாய் அறிய முடியாது என்பது திருச்சபையின் போதனை. இல்லை என்றால் தம் வாயாலேயே தம்மைப் பாவியென்று ஒப்புக்கொண்டதாகும். அருள் நிலையில் இல்லையெனில் கடவுள் தம்மை அதில் வைப்பாராக, இருந்தால் அதிலேயே காப்பாராக என்ற கருத்தில் அப்பெண் விடையளித்தார். கேட்டவர்கள் திகைத்துப் போனதாக, எழுத்தராய் இருந்த ஒருவர் பின்னாளில் சாட்சி சொன்னார். குருமடத்தில் அருளைப்பற்றிய பாடத்தை ஆண்டுக்கணக்கில் படித்த நாமும் இவ்வளவு சுருக்கமாக விடை சொல்லியிருப்போமா என்பது ஐயமே. கடவுள் அருள் கூர்ந்தார் என்னும் பெயர் தாங்கியவரிடம் போய் அருளைப்பற்றிக் கேட்டார்கள்! தம் பெயரின் பொருள் அவருக்குத் தெரிந்திருந்ததற்குச் சான்றில்லை.

மே 24-இல் தீயின் அச்சத்தால் ஒருமுறை தளர்ந்து, தம் குரல்களை மறுத்தார். நான்கு நாட்களுக்குள் அம்மறுப்பைத் திரும்பப் பெற்றார். மே 30-ஆம் நாள் காலை அவருக்கு நற்கருணை வழங்கப்பட்டது. திருச்சபைக்குப் புறம்பானவள் என்று தீர்த்தவர்களே நற்கருணையும் கொடுக்க இசைந்தது எப்படி என்று நமக்கு விளங்கவில்லை. பழைய சந்தைத் திடலில், பதிதை என்றும் மறுபடி தவறியவள் என்றும் மறுதலித்தவள் என்றும் சிலை வணங்கி என்றும் எழுதிய காகித முடியை அவர் தலையில் வைத்தனர். திருமுழுக்கில் பெற்ற பெயருக்கு அதில் இடமில்லை. தீயினின்று அவர் உரத்துக் கூவியது இயேசுவின் திருப்பெயரை. சாம்பல் சேன் ஆற்றில் கொட்டப்பட்டது.

தாய் இசபெல்லா சும்மா இருக்கவில்லை. மூன்றாம் கலிஸ்துஸ் பாப்பரசர் மறுவிசாரணைக்கு இசைவளித்ததும், 1455 நவம்பர் 7-இல் அம்முதியவள் பாரிஸ் நோத்ர்தாம் பேராலயத்துக்கு வந்து, மகளுக்கு நீதி கேட்டு மனு அளித்தாள். தோம்ரெமி ஊரார், ஞானப்பெற்றோர், போர்த்தோழர் என நூற்றுக்கும் மேற்பட்டோர் சாட்சி சொன்னார்கள். 1456 ஜூலை 7-இல், எரித்த அதே ரூவான் நகரில், பழைய தீர்ப்பு செல்லாதென அறிவிக்கப்பட்டது.

1909-இல் பத்தாம் பத்திநாதர் அவரை முத்திப்பேறு பெற்றவராகவும், 1920 மே 16-இல் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் புனிதராகவும் அறிவித்தனர். திருநாள் மே 30. இப்புனிதையின் உருவைக் காண விரும்புவோர் பிரெஞ்சு தேசம்வரை போகவேண்டியதில்லை. புதுச்சேரியில், கடலுக்கு அருகே நாம் கப்ஸ் கோவில் என்று அழைக்கும் சம்மனசுகளின் மாதா ஆலயத்துக்கு எதிரே, வெண்பளிங்கில் நிற்கிறார்.