லெப்டினன்ட் அத்னான் பின் சைதி

கேமரன் மலைக்குச் சரக்கேற்றிச் செல்லும் நம் வியாபாரிகள், தாப்பாவில் திரும்பி மலையேறும் சாலையை நன்கறிவார்கள். 1942 ஜனவரித் தொடக்கத்தில், கம்பார்ச் சண்டை முடிந்து, ஜப்பானியப் படை தெற்கே இறங்கியது அந்தத் தாப்பா வழியாகத்தான்.

அண்மையில் தானா ராத்தாவில் நம்மவர் கடையொன்றில், தேயிலைத் தோட்டத்துச் சிறுவனொருவன் தன் சரித்திரப் பாடப் புத்தகத்தைக் காட்டி, இந்த அத்னான் யாரென்று கேட்டான். கடைக்காரர், யுத்தத்தில் மாண்ட வீரர் என்றார். அதற்குமேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் குறை தீரவே இதை எழுதலானோம்.

மர்ஹூம் அத்னான் அவர்கள் 1915-ல் சிலாங்கூரில், காஜாங் அருகேயுள்ள சுங்கை ராமால் கிராமத்தில் பிறந்தார்கள். படிப்பு முடித்து ஓராண்டுக்கு மேல் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். 1933-ல் போர்ட் டிக்சனில் மலாய்ப் பட்டாளம் 25 பேரைக் கொண்டு தொடங்கப்பெற்றது. அவ்வாண்டே, 18 வயதில், அத்னானும் அதில் சேர்ந்தார்கள். 1937-ல் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா அணிவகுப்புக்காக லண்டன் சென்று வந்தார்கள். பின்னர் அதிகாரிப் பதவியும் கிடைத்தது. மறு ஆண்டு ஸோபியா என்ற ஆசிரியையை மணந்தார்கள்.

சிங்கப்பூருக்கு மாற்றலானபோது மனைவி மக்களுடன் பாசிர் பாஞ்சாங்கில் குடியிருந்தார்கள். யுத்தம் நெருங்கவே, குடும்பத்தைக் காஜாங்குக்கே அனுப்பிவிட்டார்கள். ஊர்தான் பத்திரம் என்று எந்தத் தகப்பனும் நினைப்பது போலவே நினைத்தார்கள். ஆனால் ஜனவரி 11-ல் கோலாலம்பூர் விழுந்தது. அதற்குச் சற்றுத் தெற்கேயுள்ள காஜாங்கும் பகைவர் வசமாயிற்று. பிப்ரவரியில் அத்னான் துப்பாக்கி ஏந்தி நின்றபோது, காக்க வேண்டிய வீடு எதிரிப் படைக்குப் பின்னால் இருந்தது. அவர்களது வீரத்தைப் பேசுவோர் இதனை ஏனோ பேசுவதில்லை.

பிப்ரவரி 13 நள்ளிரவில் அவர்களது 'ஸி' கம்பெனி புக்கிட் சந்து என்னும் குன்றுக்கு நகர்ந்தது. சந்து என்றால் அபின். குன்றின் அடிவாரத்தில் வெள்ளைக்கார சர்க்காரே அபின் அடைக்கும் ஆலை நடத்தி வந்ததால் வந்த பெயர் அது. குன்றுக்கு அப்பால் அலெக்சாந்திராவில் வெடிமருந்துக் கிடங்கும் இராணுவ மருத்துவமனையும் இருந்தன. நார்மன்டன் கிடங்கிலிருந்து வழிந்த எண்ணெய் பெரிய வாய்க்காலில் எரிந்தோடி, பின்வாங்கும் வழியை அடைத்திருந்தது.

மறுநாள் பிற்பகல், தலைப்பாகை கட்டிய பஞ்சாபிச் சிப்பாய்கள் அணிவகுத்து வந்தார்கள். நேச நாட்டுப் படையென்றே எவரும் எண்ணியிருப்பர். பிரிட்டிஷ் படையில் நடப்பது மும்மூன்று பேராக. வந்தவர்களோ நந்நான்கு பேராக நடந்தார்கள். கட்டுக்கு எத்தனை உருப்படியென்று ஒரு பார்வையில் சொல்லும் நம் கடைக்காரர்களுக்கு இந்தக் கண் எத்தகையதென்று விளக்க வேண்டியதில்லை. அத்னான் அவர்களை அருகே வரவிட்டுச் சுட உத்தரவிட்டார்கள். வேஷம் கலைந்து பலர் விழுந்தனர், மீந்தவர் ஓடினர்.

இரண்டு மணி நேரம் கழித்துப் பெரும் படை திரண்டு வந்தது. குண்டுகள் தீர்ந்து கைகலப்பாயிற்று. பலத்த காயமுற்றும் அத்னான் பின்வாங்க மறுத்தார்கள். பிடிபட்ட பின், துப்பாக்கி முனைக் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார்கள். வயது 26. இறுதி நேரத்தைப் பற்றிய வரலாறுகள் பல விதம். அவற்றில் சில சொல்லவும் கூசுபவை. காயம்பட்ட கைதியைக் கொல்வது எந்த யுத்த தர்மத்திலும் சேராது. அதே நாளில் அலெக்சாந்திரா மருத்துவமனையில் நோயாளிகளும் வைத்தியர்களும் கொல்லப்பட்டனர். மறுநாள் பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் சரணடைந்தது.

கடற்படையில் சேர்ந்திருந்த தம்பி அகமதும், கப்பல் மூழ்கடிக்கப்பட்டு, அந்த யுத்தத்திலேயே மாண்டார்.

அத்னான் அவர்களின் ஜனாஸா குடும்பத்தாரிடம் வந்து சேரவில்லை. கபுரும் இல்லை; சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சுவரில் பெயர் மட்டும் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஸோபியா அம்மையார் 1949-ல் காலமானார்கள். ஏழாண்டுக்குள் அந்தப் பிள்ளைகள் தந்தையோடு தாயையும் இழந்தார்கள்.