கடற்படை கண்டெடுத்த கணிதப் பேராசிரியை

படைப்பணியில் சேர்ந்து தொழில்நுட்பத் துறையில் உயர விரும்பும் இளைஞர்கள், எந்தப் பிரிவைத் தேர்வது எனத் தயங்குவதுண்டு. கிரேஸ் ஹாப்பரின் வாழ்க்கை அவர்களுக்கு ஒரு வழிகாட்டி.

1906-இல் நியூயார்க்கில் பிறந்த அவர், 1934-இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று, வாசர் கல்லூரியில் கற்பித்துவந்தார். இரண்டாம் உலகப் போரின்போது, தம் கொள்ளுப்பாட்டனார் பணியாற்றிய அமெரிக்கக் கடற்படையில் சேர விரும்பினார். வயது கூடுதல், எடையோ குறைவு. ஆயினும் விதிவிலக்குப் பெற்று, 1943-இல் மகளிர் சேமப்படையில் சேர்ந்தார்.

பயிற்சி முடிந்ததும், கடற்படை அவரை ஹார்வர்டில் இருந்த 'மார்க்-1' என்ற மாபெரும் கணிப்பொறியிடம் அனுப்பியது. அதற்கு நிரல் எழுதிய முன்னோடிகளுள் அவரும் ஒருவரானார். போர் முடிந்தபின் நிரந்தரப் படைப்பணி கேட்டார். வயதைக் காட்டி மறுத்தனர். வாசர் கல்லூரி அளிக்க முன்வந்த பேராசிரியர் பதவியை ஏற்காமல், கணிப்பொறியுடனேயே தங்கினார். பொருளியலில் இதனை வாய்ப்புச் செலவு என்போம். அச்செலவு வீண்போகவில்லை.

1952-இல் அவர் உருவாக்கிய நிரல்தொகுப்பி, பின்னர் கோபால் மொழி பிறக்கவும் வழிவகுத்தது. 1966-இல் ஓய்வளித்த கடற்படையே, தன் நிரல்மொழிகளைச் சீர்ப்படுத்த மறுஆண்டே அவரைத் திரும்ப அழைத்தது. 1986-இல் 79 வயதில் ரியர் அட்மிரலாக ஓய்வுபெற்ற அவர், 1992-இல் மறைந்தார்.

கடற்படையைத் தேர்ந்தபோது கணிப்பொறியை அவர் கண்டதில்லை. அவரிடம் இருந்தது ஆழ்ந்த கணிதப் புலமை. படைக்குத் தேவைப்பட்டதும் அதுவே. சீருடையின் நிறத்தைவிட, தாம் கற்ற கல்விக்கு எப்பிரிவில் வேலை இருக்கிறது என்று இளைஞர்கள் முதலில் வினவட்டும்.