பிளவைப் பிணித்த தச்சர்

கதிரை, மேசை, அலுமாரி ஆகிய மூன்றும் போர்த்துக்கேயர் வழியாக நம்மிடம் வந்த சொற்கள். கட்டில், பலகை, முக்காலி, ஊஞ்சல் என்பன நம்முடையவை. வகுப்பிலே திசைச்சொல்லைக் கற்பிக்கும்போது, மாணவர் தாம் அமர்ந்திருக்கும் கதிரையிலிருந்தே தொடங்குமாறு சொல்வது என் வழக்கம். சொல் கடல் கடந்து வந்தது. மரமோ நம் வளவு மரம். உளியோ நம் தச்சர் உளி. இவ்வாறு பல நாட்டு மரபுகள் ஒரு மனிதரிடத்தே கூடிய வரலாறொன்று உண்டு. அம்மனிதர் ஜோர்ஜ் நகஷிமா. இருபதாம் நூற்றாண்டின் வீட்டுத் தளபாடக் கலையைப் பற்றிப் பேசுவோர் அவர் பெயரைச் சொல்லாது அமைவதில்லை. அவரது கலை முளைவிட்ட இடங்களுள் ஒன்று தமிழ் வழங்கும் புதுச்சேரி என்பதை நம்மவருட் பலர் அறியார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓலைச்சுவடிகளைப் பார்வையிடும் பொருட்டு நான் புதுச்சேரி சென்றிருந்தேன். அங்கே கோல்கொண்டே என்னும் அரவிந்தர் ஆசிரம விடுதியின் முன் நெடுநேரம் நின்றேன். சுவர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசை வரிசையாகக் கிடைத் தகடுகள். திறந்தால் காற்று, மூடினால் நிழல். வெயிலும் உப்புக் காற்றும் அறிந்த யாழ்ப்பாணத்தான் ஒருவன் அதன் அருமையை உடனே உணர்வான். அக்கட்டடத்தை எழுப்பியவர் யாவர் என்று வினாவியபோதுதான் நகஷிமாவின் கதை எனக்குக் கிடைத்தது.

அவர் 1905 மே 24 அன்று அமெரிக்காவின் ஸ்போக்கேன் நகரில் பிறந்தார். பெற்றோர் யப்பானிலிருந்து குடியேறியவர்கள். இளமையில் வடமேற்கு அமெரிக்கக் காடுகளில் நடந்து நடந்து மரங்களோடு பழகினார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும், பின்னர் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியிலும் கட்டடக் கலை பயின்று பட்டம் பெற்றார். பட்டம் கையிலிருந்தும் மனம் ஓரிடத்தில் நிலைக்கவில்லை. தம் மோட்டார் வண்டியை விற்று, உலகைச் சுற்றிவரும் கப்பற் பயணச் சீட்டொன்றை வாங்கினார். பிரான்சில் தங்கினார், யப்பானுக்குச் சென்று, தோக்கியோவில் அந்தோனின் றேமண்ட் என்னும் கட்டடக் கலைஞரின் பணிமனையிற் சேர்ந்தார். மூதாதையர் நாட்டுக் கோயில்களிலும் வீடுகளிலும் மரத்தோடு மரம் பொருந்தும் நுட்பத்தை அங்கே கண்டார்.

றேமண்டிடம் வந்த பணிகளுள் ஒன்றே கோல்கொண்டே. ஐதராபாத் அரசிலிருந்து கிடைத்த நன்கொடையால் எழுந்தமையால், அந்நாட்டு வைரங்களுக்குப் பேர்பெற்ற ஊரின் பெயரை அது பெற்றது. வேலையை நேரில் நின்று நடத்த 1937 இல் நகஷிமா புதுச்சேரிக்கு வந்தார். சம்பளத்துக்கு வந்தவர் சம்பளத்தை வேண்டாமென்று ஆசிரமத்தவருள் ஒருவரானார். அரவிந்தர் அவருக்குச் சுந்தரானந்தர் என்று பெயர் சூட்டினார். அழகிலே ஆனந்தம் காண்பவர் என்பது அதன் பொருள். கட்டட வேலையோடு தேக்குமரத் தளபாட வேலையும் அவர் கைக்கு வந்தது. வீட்டைக் கட்டுவதும் அதனுள் இருக்கும் கதிரையைச் செய்வதும் ஒரே வேலையின் இரு கூறுகள் என்னும் எண்ணம் அங்கே வேரூன்றியது.

1939 இல் புதுச்சேரியை நீங்கி, அடுத்த ஆண்டு அமெரிக்கா மீண்டார். 1941 இல் மரியன் ஒகாஜிமாவை மணந்தார். இனிக் கட்டடக் கலைஞராக அன்றித் தச்சராகவே வாழ்வதென்று துணிந்து, சியாற்றில் நகரிற் சிறு பட்டறை அமைத்தார். அவ்வாண்டு டிசம்பரில் யப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியது. 1942 இல் அமெரிக்க அரசு, மேற்குக் கரையில் வாழ்ந்த யப்பானிய வழியினர் ஏறக்குறைய 1,20,000 பேரை வீடுகளிலிருந்து அகற்றி முகாம்களில் அடைத்தது. அவர்களுட் பெரும்பாலோர் அந்நாட்டிற் பிறந்த அந்நாட்டுக் குடிகளே. நகஷிமாவும் மனைவியும் கைக்குழந்தையான மகள் மீராவும் ஐடாஹோ மாநிலத்துப் பாலைவெளியிலிருந்த மினிடோகா முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பிழையென்ன செய்தார்? பிறந்த குலமே பிழையாயிற்று.

அம்முகாமில் ஒரு நற்பேறும் அவருக்கு வாய்த்தது. யப்பானிய மரபிற் பயின்ற கெந்தாரோ ஹிக்கோகாவா என்னும் தச்சரும் அங்கே அடைபட்டிருந்தார். பட்டதாரி மாணாக்கரானார், தச்சர் ஆசிரியரானார். எஞ்சிய மரத்துண்டுகளும் பாலைநிலத்துப் புதர்க்கட்டைகளுமே அவர்களுக்குக் கிடைத்த மரம். வாளைப் பிடிக்கும் முறையும், மூட்டைப் பொறுமையோடு பொருத்தும் முறையும் அக்கைக்குப் பழகின. பல்கலைக்கழகம் தராத கல்வியை முள்வேலிக்குள்ளே பெற்றார் என்பது வியப்புக்குரியது, வேதனைக்கும் உரியது.

1943 இல் றேமண்ட் பொறுப்பேற்று அவரை மீட்டுப் பென்சில்வேனியாவில் நியூ ஹோப் என்னும் ஊரிலிருந்த தம் பண்ணைக்கு அழைத்தார். சிறிது காலத்தின் பின் அவ்வூரிலேயே நகஷிமா சொந்தப் பட்டறையும் வீடும் எழுப்பினார். கையிற் பணமில்லை. ஆதலால் மர வணிகர் கழித்த பலகைகளை வாங்கினார்: வெடித்தவை, முடிச்சு விழுந்தவை, ஓரம் வளைந்தவை. அக்குறைகளே அவர் கலையின் அடையாளமாயின. மரத்தின் ஓரத்தை நேராக அறுக்காது, வளர்ந்தவாறே விட்டார். பிளவு கண்ட இடத்தில் மெழுகு பூசி மறைத்தாரல்லர். பிளவின் குறுக்கே, நம் உடுக்கை போல இடை சிறுத்து இருபுறமும் அகன்ற கட்டையைப் பதித்தார். அவர்கள் அதனை வண்ணத்துப்பூச்சி என்பர். பிளவு மேலும் விரியாது. அங்கே பிளவு இருந்ததென்பதும் மறையாது.

புகழ் தேடி வந்தது. 1946 இல் நோல் நிறுவனத்துக்குக் கதிரை வடித்தார். 1964 இல் அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்து மீண்டும் இந்தியத் தச்சரோடு பணி செய்தார். 1973 இல் நெல்சன் றொக்கபெல்லர் தம் மாளிகைக்கு 200 இற்கும் மேற்பட்ட தளபாடங்களைச் செய்வித்தார். 1981 இல் மரத்தின் ஆன்மாவைப் பற்றி நூலொன்று எழுதினார். பெருமரம் ஒன்றின் பலகைகளால் அமைதிப் பீடம் செய்து 1986 இறுதியில் நியூயோர்க் தேவாலயத்தில் வைத்தார். ஒவ்வொரு கண்டத்திலும் ஒன்று அமைய வேண்டுமென்பது அவர் அவா. 1990 ஜூன் 15 அன்று காலமானார். முகாமிற் குழந்தையாயிருந்த மீராவே தந்தையின் பட்டறையைத் தொடர்ந்து நடத்தினார். ஆசியாவுக்குரிய அமைதி மேசை 1996 இல் புதுச்சேரியை அடுத்த ஒரோவிலுக்கு வந்து சேர்ந்தது. சுந்தரானந்தர் பெயர் பெற்ற மண்ணுக்கே அவர் கனவு திரும்பியது.

இக்கதையை எழுத நான் அமர்ந்திருக்கும் மேசையைப் பற்றியும் ஒரு சொல். அரியாலையில் எங்கள் வளவில் நின்ற வேம்பால் என் தந்தையார் செய்வித்தது அது. 1995 ஒக்டோபர் இறுதியில் ஊரோடு ஊராக நாங்களும் நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்குச் சென்றோம். 1996 இல் மீண்டபோது வீட்டுக்குக் கூரையில்லை. மாரி மழையில் நனைந்து, வெயிலிற் காய்ந்து, மேசை நடுவே பிளந்து கிடந்தது. விறகுக்காகும் என்றனர் சிலர். அம்மா விடவில்லை. பின்னறையில் அது பல்லாண்டு கிடந்தது.

புதுச்சேரியிலிருந்து வந்தபின், எங்கள் ஊர் முதிய தச்சரிடம் உடுக்கைக் கட்டையின் வடிவத்தைத் தாளில் வரைந்து காட்டினேன். அவர் சிரித்து, பாலை மரத்தில் மூன்று கட்டைகள் செதுக்கிப் பதித்துத் தந்தார். பேரப்பிள்ளைகள் அவற்றைத் தொட்டு என்னவென்று கேட்கின்றனர். பிளவில்லாத மேசையாயின் கேட்டிருக்க மாட்டார்கள். நானும் 1995 ஐச் சொல்லியிருக்க மாட்டேன். மாணவர் கொப்பிகளை அதன்மீது வைத்தே இப்போது திருத்துகின்றேன்.