ரிச்சட் கூரன்ற் (1888 – 1972)

மாணவர்களே! கட்டுக்கரைக் குளத்தின் வரைபடத்தைத் தந்து பரப்பளவைக் காணச் சொன்னால் என்ன செய்வீர்கள்? வளைந்து செல்லும் கரைக்குச் சூத்திரம் இல்லை. ஆனால் படத்தைச் சிறு முக்கோணிகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றின் பரப்பளவையும் கண்டு கூட்டலாம். இந்த எளிய எண்ணத்தைக் கொண்டு பொறியியற் பிரசினம் ஒன்றைத் தீர்க்க வழிகாட்டியவரே கூரன்ற்.

இவர் 1888 ஜனவரி 8 இல், அன்று ஜேர்மனிக்கு உரியதாயிருந்த லுப்ளினிற்ஸ் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். இந்நகர் இன்று போலந்தில் உள்ளது. குடும்பம் வறுமையுற்றதால், பாடசாலைப் பருவத்திலேயே பிறருக்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்துத் தமது கல்வியைத் தொடர்ந்தார். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் கணித மேதை ஹில்பேட்டிடம் பயின்று 1910 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். முதலாம் உலகப் போரில் ஜேர்மன் படையில் சேர்ந்து காயமடைந்தார். பின்னர் கோட்டிங்கனில் பேராசிரியராகி, அங்கு கணித நிறுவகத்தைக் கட்டியெழுப்பினார்.

1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், அவரது பதவி பறிக்கப்பட்டது. நாட்டுக்காகக் காயப்பட்டமையும் அவரைக் காக்கவில்லை. இடம்பெயர்வு என்பது என்னவென்று மடுப் பிரதேசத்து மாணவராகிய உங்களுக்குப் பெற்றோர் சொல்லியிருப்பர். 45 வயதில் அனைத்தையும் இழந்த கூரன்ற், இங்கிலாந்தில் ஓராண்டு தங்கி, 1934 இல் நியூயோர்க் சென்றார். அங்கே புதிய மொழியில் மீண்டும் கற்பிக்கத் தொடங்கினார்.

1943 இல் வெளியான கட்டுரையில், முறுக்கப்படும் உள்ளீடற்ற தண்டொன்றின் குறுக்குவெட்டை முக்கோணிகளாகப் பிரித்தார். ஒவ்வொரு முக்கோணியிலும் காணவேண்டிய கணியம் நேர்கோட்டு முறையில் மாறுவதாகக் கொண்டார். உச்சிகளிலுள்ள பெறுமானங்களை ஒருங்கமை சமன்பாடுகளால் கண்டார். முக்கோணிகள் கூடும்போது விடை திருத்தமாகும், சமன்பாடுகளும் பெருகும். கணினி பரவாத அக்காலத்தில் இதைச் சிலரே கவனித்தனர். 1950களில் விமானப் பொறியியலாளர்கள் தாமாகவே இதையொத்த வழியை அடைந்தனர். 1960 இல் கிளவ் என்பவர் இதற்கு ‘முடிவுள்ள மூலக முறை’ என்னும் பொருளில் பெயரிட்டார். இன்று பாலம், அணைக்கட்டு, விமானம் ஆகியவற்றை வடிவமைக்கும்போது கணினிச் செய்நிரல்கள் இம்முறையில் இலட்சக்கணக்கான சமன்பாடுகளைத் தீர்க்கின்றன.

கூரன்ற் நியூயோர்க்கில் உருவாக்கிய நிறுவகத்துக்கு 1964 இல் அவரது பெயர் சூட்டப்பட்டது. 1972 ஜனவரி 27 இல் காலமானார்.

செயற்பாடு: 7 செ.மீ. ஆரையுடைய வட்டத்தினுள் ஒழுங்கான அறுகோணி வரைந்து, அதனை மையத்திலிருந்து 6 முக்கோணிகளாகப் பிரியுங்கள். மொத்தப் பரப்பளவு ஏறத்தாழ 127 ச.செ.மீ. 12 முக்கோணிகளாக்கினால் 147. வட்டத்தின் பரப்பளவு 154. 24 ஆக்கினால் என்ன வரும்? அளந்து பாருங்கள். நீங்கள் கற்கும் முக்கோணியும் ஒருங்கமை சமன்பாடுமே இம்முறையின் அத்திவாரம்.