27 வயதில் மறைந்த கிட்டப்பா
இசைத்தட்டில் வாழும் குரல்

செங்கோட்டை கிட்டப்பா நாடக மேடையின் ராஜா. அவர் பாடத் தொடங்கினால், கொட்டகையில் கடைசியாகத் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கணீர் என்று கேட்கும். அந்தக் காலத்தில் நாடக மேடையில் ஒலிபெருக்கி கிடையாது. குரல்தான் எல்லாம்.

அந்தக் குரல் 27 வயதில் அடங்கிவிட்டது. கிட்டப்பா சினிமாவில் நடித்தது இல்லை. ஆகையால் அவருடைய நடிப்பை இன்று யாரும் பார்க்க முடியாது. அவர் விட்டுச் சென்றவை சில இசைத்தட்டுகளே!

ஏழை வீட்டுப் பிள்ளை

கிட்டப்பா 1906-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந் தேதி செங்கோட்டையில் பிறந்தார். செங்கோட்டை அப்போது திருவாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. அது 1956-ல்தான் சென்னை மாநிலத்தோடு இணைந்தது.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ராமகிருஷ்ணன். தகப்பனார் கங்காதர அய்யர். வீட்டில் வறுமை. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் கிட்டப்பா நாடக மேடைக்குப் போனார். அண்ணன்மாரும் நாடகக்காரர்கள். அவர்களில் காசி அய்யர் ஆர்மோனியம் வாசிப்பதில் கெட்டிக்காரர். தம்பி பாடுவார். அண்ணன் வாசிப்பார்.

பிறகு கிட்டப்பா, புகழ் பெற்ற கன்னையா கம்பெனியில் சேர்ந்தார். அங்கே "தசாவதாரம்" நாடகம் அவருக்குப் பெரும் பெயர் தேடித் தந்தது.

கொடுமுடிக் குயில்

1920-களின் நடுவில் கிட்டப்பா இலங்கைக்கு நாடகம் நடத்தப் போனார். அங்கே அவருடன் நடிக்க வந்தார் ஓர் இளம் பெண். அவர்தான் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள். அவருடைய குரலும் வெண்கலக் குரல். இருவரும் போட்டி போட்டுப் பாடினார்கள். ஜனங்கள் திரண்டு வந்தார்கள்.

மேடையில் சேர்ந்த ஜோடி வாழ்க்கையிலும் சேர்ந்தது. 1927-ல் இருவருக்கும் திருமணம் நடந்தது. கிட்டப்பாவுக்கு ஏற்கனவே கிட்டம்மாள் என்ற மனைவி இருந்தார்.

இருவரும் கதர் உடுத்தினார்கள். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் தேசியப் பாடல்களையும் பாடினார்கள்.

ஆனால் இன்பம் நீடிக்கவில்லை. மனத்தாங்கல் ஏற்பட்டது. குடிப்பழக்கம் கிட்டப்பாவின் உடலைக் கெடுத்தது. 1933-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி அவர் காலமானார்.

சுந்தராம்பாள் வெள்ளைச் சேலை உடுத்தினார். ஆண் நடிகருடன் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார். 1935-ல் வந்த "பக்த நந்தனார்" படத்தில் அவரே நந்தனாராக ஆண் வேடம் பூண்டார். 1980-ல் இறக்கும் வரை அந்த முடிவை அவர் மாற்றவில்லை.

மூன்று நிமிடப் பாட்டு

தமிழின் முதல் பேசும் படமான "காளிதாஸ்" 1931-ல் வெளிவந்தது. கிட்டப்பா இன்னும் சில ஆண்டுகள் இருந்திருந்தால் அவரும் படத்தில் நடித்திருப்பார். அது நடக்கவில்லை.

அவர் குரலைக் காப்பாற்றியது கிராமபோன். அந்தக் கால இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 தடவை சுற்றும். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டுத்தான். மேடையில் விடிய விடியப் பாடியவர், தட்டுக்காகத் தம் வித்தையை மூன்று நிமிடத்துக்குள் சுருக்கிக் கொடுத்தார்.

அவற்றில் இரண்டு பாட்டுகளை முக்கியமாகச் சொல்லலாம். ஒன்று "காயாத கானகத்தே". இது "வள்ளித் திருமணம்" நாடகப் பாட்டு. மற்றொன்று தியாகராஜரின் "எவரனி" கீர்த்தனை. நாடகக்காரர் ஒருவர் கச்சேரி வித்வானைப் போலப் பாட முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

தேனி மாவட்டத்தில் தேவாரம், கோம்பை போன்ற கம்பம் பள்ளத்தாக்கு ஊர்க்காரர்களுக்கு வள்ளி கதை புதிதல்ல. திருவிழா இரவில் வள்ளியும் வேலனும் வாதாடுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள்.

லண்டனில் ஒரு தேடல்

பழைய தட்டுகளைத் தேடும் ஆசை வெளிநாட்டிலும் உண்டு. 1980-களில் லண்டனில் நார்மன் ஜே என்ற வானொலிக்காரர், பலரும் மறந்துபோன அமெரிக்கப் பாட்டுகளைத் தேடி எடுத்து ஒலிபரப்பினார். அத்தகைய இசைக்கு "ரேர் குரூவ்" என்று பெயர் வந்தது. "ரேர்" என்றால் அரிது. "குரூவ்" என்றால் தட்டில் ஊசி ஓடும் கோடு. ஆட வைக்கும் தாளத்தையும் அப்படிச் சொல்வார்கள்.

ஜாக்சன் சிஸ்டர்ஸ் 1973-ல் பாடிய "ஐ பிலீவ் இன் மிராக்கிள்ஸ்" அப்படிப்பட்ட ஒரு பாட்டு. வந்தபோது அதைக் கவனித்தவர்கள் குறைவு. பல ஆண்டுகள் கழித்து லண்டன் இளைஞர்கள் அதைக் கொண்டாடினார்கள்.

இந்தத் தேடல் தேவாரத்தின் பக்கத்து ஊர் வரைக்கும் வந்தது. அருகிலுள்ள பண்ணைப்புரத்தில் பிறந்தவர் இளையராஜா. 1985-ல் வந்த "ஸ்ரீ ராகவேந்திரர்" படத்தில் அவர் அமைத்த இசையின் ஒரு துண்டை, 2003-ல் அமெரிக்காவின் பிளாக் ஐடு பீஸ் குழுவினர் தங்கள் பாட்டில் சேர்த்துக்கொண்டார்கள்.

கிட்டப்பாவின் தட்டுகள் அரிதானதற்குக் காரணம் வேறு. அவை விலை போகாமல் கிடந்தவை அல்ல. ஜனங்கள் ஆசையாக வாங்கியவை. ஆனால் அவை அரக்குக் கலவையில் செய்தவை. கைதவறினால் உடைந்துவிடும். எஃகு ஊசி ஓட ஓடக் கோடு தேயும். அதிகம் விரும்பிக் கேட்ட தட்டுத்தான் முதலில் தேய்ந்தது! பிறகு புது வகைத் தட்டும் ஒலிநாடாவும் வந்தன. பழைய தட்டுகள் பரணுக்குப் போயின.

பரணைப் பாருங்கள்

தாத்தா காலத்து இசைத்தட்டு உங்கள் வீட்டுப் பரணிலும் இருக்கலாம். அதைப் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்கவேண்டாம். புத்தகத்தைப் போல நிமிர்த்தி வையுங்கள். ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள். அரக்கு கரைந்துவிடும். மெல்லிய துணியால் தூசியைத் தட்டினால் போதும்.

பிறகு, தட்டுகளைச் சேகரிப்பவர் யாரிடமாவது காட்டிக் கணினியில் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்தத் தட்டில் இருப்பது கிட்டப்பாவின் குரலாகவும் இருக்கலாம்.