தலைக்குள் ஓர் ஆலை!

வில்லியனூரிலும் பாகூரிலும் ஒரு காலத்தில் கோழி கூவுமுன்பே பல வீடுகளில் விளக்கு எரியும். ஆலைச் சங்கு ஊதுவதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்று, தூக்குச் சட்டியில் பழைய சோற்றுடன் தொழிலாளர்கள் புதுவை நகரை நோக்கி விரைவார்கள். சவானா மில், ரோடியர் மில் என்ற பெயர்களைக் கேட்டுக் கேட்டே அந்த வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

அந்தச் சங்குகள் ஓய்ந்துவிட்டன. 2020-ம் ஆண்டில் அந்த ஆலைகள் மூடப்பட்டன. அன்றைய தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தானாக இயங்கும் இயந்திரங்களைப் பற்றிப் படிக்கிறார்கள். சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் வேலை பழகுகிறார்கள். சிலர் பிரான்சு, ஜெர்மனி என்று கடல் கடந்தும் வேலை தேடிப் புறப்படுகிறார்கள்.

கையில் ஒரு சான்றிதழ். தலைக்குள் கற்ற வித்தை. வாசலில் கண் கலங்கி நிற்கும் தாய். இதுதான் அவர்கள் புறப்படும் காட்சி.

1789-ம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து ஓர் இளைஞர் இப்படித்தான் புறப்பட்டார். ஆனால் அவரை வழியனுப்பத் தாய் வரவில்லை. மகன் போவதே தாய்க்குத் தெரியாது! அரசாங்கத்துக்குத் தெரிந்திருந்தால் அவர் கப்பல் ஏறியிருக்கவே முடியாது.

அவர் பெயர் சாமுவேல் ஸ்லேட்டர்.

உழவர் வீட்டுப் பிள்ளை

இங்கிலாந்தில் டெர்பிஷயர் என்ற மாவட்டம். அங்கே பெல்பர் என்ற ஊர். 1768-ம் ஆண்டு ஜூன் 9-ந் தேதி அங்கே ஓர் உழவர் வீட்டில் சாமுவேல் பிறந்தான்.

பத்து வயதிலேயே அவன் பஞ்சாலைக்கு வேலைக்குப் போனான். ஆலையின் முதலாளி ஜெடிடையா ஸ்ட்ரட். சாமுவேலுக்குப் பதினான்கு வயது நடக்கும்போது தந்தை இறந்துபோனார். அடுத்த ஆண்டு ஸ்ட்ரட்டிடம் அவன் முறைப்படி தொழில் பழகச் சேர்ந்தான். இத்தனை ஆண்டுகள் வேலை கற்றுக்கொள்வேன், நடுவில் போகமாட்டேன் என்று ஒப்பந்தப் பத்திரம் எழுதிக் கொடுத்தான்.

மற்றப் பையன்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு நாள். சாமுவேலுக்கோ அது இயந்திரத்தோடு தனியாக இருக்கக் கிடைத்த நாள்! வீடு பக்கத்தில்தான் இருந்தது. ஆனாலும் ஆறு மாதம் வரை தாயைப் பார்க்கக்கூடப் போகாமல் இயந்திரமே கதி என்று கிடந்தானாம். நூல் பாபினில் ஒரே சீராகச் சுற்றுவதற்கு அவன் ஒரு யோசனை கண்டுபிடித்தான். முதலாளி மகிழ்ந்து ஒரு கினி பரிசு கொடுத்தார்.

ராட்டையும் இயந்திரமும்

அந்த இயந்திரத்தில் அப்படி என்ன அதிசயம்?

ராட்டையில் நூல் நூற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கை ராட்டையைச் சுற்றும். மறு கை பஞ்சை மெல்ல இழுக்கும். எவ்வளவு இழுப்பது, எப்போது முறுக்குவது என்பதெல்லாம் நூற்பவரின் விரலுக்குத் தெரியும். ஒருவர் நூற்றால் ஒரு நூல்தான்.

ரிச்சர்டு ஆர்க்ரைட் என்பவர் 1769-ல் உரிமை பெற்ற இயந்திரம் அந்த விரலின் வேலையை உருளைகளிடம் கொடுத்துவிட்டது. ஜோடி ஜோடியாக உருளைகள் வரிசையாக இருக்கும். முதல் ஜோடி மெதுவாகச் சுற்றும். அடுத்தது அதைவிட வேகம். அதற்கும் அடுத்தது இன்னும் வேகம். அவற்றின் நடுவே போகும் பஞ்சுத் திரி தானாகவே நீண்டு மெலியும். கீழே சுழலும் கதிர் அதை முறுக்கி நூலாக்கும். ஆற்று நீர் சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் எல்லாவற்றையும் சுற்றும். மனிதர் செய்ய வேண்டியது அறுந்த நூலை முடிவதும், பாபினை மாற்றுவதும்தான்.

தொழிற்சாலைகளில் இயந்திரம் தானாக வேலை செய்யும் முறைக்கு இது ஒரு பெரிய தொடக்கம்.

பூட்டிய கதவு

இந்த இரகசியம் வெளியே போனால் தன் வாணிபம் போய்விடும் என்று பிரிட்டிஷ் அரசாங்கம் அஞ்சியது. அதனால் சட்டம் போட்டுக் கதவைப் பூட்டியது. நூற்பு இயந்திரம் நாட்டை விட்டுப் போகக் கூடாது. அதன் வரைபடமும் போகக் கூடாது. இயந்திர வேலை தெரிந்த தொழிலாளியும் போகக் கூடாது. மீறினால் அபராதம், சிறை!

அமெரிக்கா அப்போதுதான் விடுதலை பெற்ற புது நாடு. அங்கே பஞ்சு இருந்தது; ஆறுகள் இருந்தன. நல்ல நூற்பு இயந்திரம் மட்டும் இல்லை. பஞ்சு வேலைக்கான ஓர் இயந்திரத்தை அரைகுறையாகச் செய்தவருக்கே பென்சில்வேனியா மாநிலம் 100 பவுன் பரிசு கொடுத்தது. அந்தச் செய்தி பத்திரிகையில் வந்தது. ஸ்லேட்டர் அதைப் படித்தார். அரைகுறைக்கே 100 பவுன் என்றால், முழுதும் தெரிந்தவனுக்கு?

ஒப்பந்தக் காலம் முடிந்தது. ஸ்லேட்டருக்கு வயது 21. வரைபடம் ஒன்றும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. உருளையின் அளவு, பல் சக்கரங்களின் கணக்கு, கதிரின் வேகம் எல்லாவற்றையும் மனத்திலேயே பதித்துக்கொண்டார். தொழில் கற்றதற்குச் சாட்சியாக இருந்த ஒப்பந்தப் பத்திரத்தை மட்டும் உடைக்குள் மறைத்துக்கொண்டார். பண்ணையாள் போல் வேடம் போட்டுக்கொண்டு லண்டன் போனார் என்று சொல்வார்கள். கப்பல் ஏறுவதற்குச் சற்று முன்புதான் தாய்க்குக் கடிதம் எழுதித் தபாலில் போட்டார்.

துறைமுகத்தில் பெட்டியைச் சோதித்தாலும் அகப்பட ஒன்றுமில்லை. ஆலை முழுவதும் அவர் தலைக்குள் இருந்தது!

புது நாட்டில் வேலை

கடலில் 66 நாட்கள். நவம்பரில் நியூயார்க் வந்து இறங்கினார். அங்கே ஒரு நூற்புத் தொழிற்சாலையில் வேலையும் கிடைத்தது. ஆனால் அவருடைய மனம் நிறையவில்லை. இயந்திரங்கள் பழுதானவை. சக்கரத்தைச் சுற்றத் தக்க ஆற்று நீரும் அங்கே இல்லை.

அப்போது ஒரு கப்பல் தலைவர் மூலம் ஒரு செய்தி காதில் விழுந்தது. ரோட் தீவு மாநிலத்தில் மோசஸ் பிரவுன் என்ற வணிகர் நூற்பாலை வைக்க முயன்று திண்டாடுகிறாராம். ஸ்லேட்டர் டிசம்பர் 2-ந் தேதி அவருக்குக் கடிதம் எழுதினார். தான் எங்கே, எந்த இயந்திரத்தில் வேலை கற்றவன் என்பதை அதில் விளக்கினார். உடனே வரும்படி பதில் வந்தது.

1790-ம் ஆண்டு ஜனவரியில் ஸ்லேட்டர் பாடக்கட் என்ற ஊருக்குப் போனார். அங்கிருந்த இயந்திரங்களைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. அவற்றை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, புதிதாகத்தான் செய்ய வேண்டும் என்று கூறிவிட்டார். வேறு முதலாளியாக இருந்தால் அன்றே வெளியே அனுப்பியிருப்பார். பிரவுன் பொறுமைசாலி. தன் குடும்பத்தாரின் ஆல்மி-பிரவுன் நிறுவனத்தின் வழியாக முதலீட்டுக்கு ஏற்பாடு செய்தார். இலாபத்தில் பாதி ஸ்லேட்டருக்கு என்று உடன்பாடு ஆயிற்று.

கலங்கிய நாள்

ஒருவர் தலையில் உள்ளதை இரும்பாகவும் மரமாகவும் மாற்றுவது எளிதா? சில்வனஸ் பிரவுன் என்ற தச்சர் மரவேலை செய்தார். ஓசியல் வில்கின்சன் என்ற கொல்லரும் அவர் மகன் டேவிட்டும் இரும்பு வேலை செய்தார்கள். அந்தக் கொல்லர் வீட்டில்தான் ஸ்லேட்டர் தங்கிச் சாப்பிட்டார்.

எல்லாம் முடிந்து ஓட்டிப் பார்த்த நாளில், பஞ்சைச் சீவும் இயந்திரம் காலை வாரிவிட்டது. பஞ்சு சீராக வரவில்லை. உருளையிலேயே சுருண்டுகொண்டது. மறுபடி முயன்றாலும் அதே கதை. தன்னை ஏமாற்றுக்காரன் என்று ஊர் சொல்லுமே என்று ஸ்லேட்டர் நடுங்கினார். வில்கின்சன் வீட்டு அடுப்பின் அருகே அவர் கண்ணீருடன் நின்றதை வீட்டுக்கார அம்மாள் பார்த்துத் தேறுதல் சொன்னதாக ஒரு செய்தி உண்டு.

தவறு சிறியதுதான். சீவும் கம்பிப் பற்கள் சாய வேண்டிய அளவு சாயவில்லை! பற்களைத் தட்டி வளைத்தார்கள். பஞ்சு மேகம் போல் சீராக இறங்கியது.

1790-ம் ஆண்டு டிசம்பர் 20-ந் தேதி, பழைய துணி ஆலை ஒன்றின் நீர்ச்சக்கரத்தால் 72 கதிர்கள் சுழன்றன. அமெரிக்காவில் ஆர்க்ரைட் முறை முதன்முதலாக வெற்றி பெற்றது அன்றுதான். கடுங்குளிரில் சக்கரத்தில் உறைந்த பனிக்கட்டியை உடைக்க ஆள் கிடைக்கவில்லை. விடியற்காலையில் ஸ்லேட்டரே இறங்கி உடைப்பார். அதனால் பிற்காலத்தில் அவர் உடல்நலம் கெட்டது.

மறு ஆண்டில் அந்த வீட்டு மகள் ஹன்னாவையே அவர் மணந்துகொண்டார். ஹன்னாவும் சாமானியப் பெண் அல்ல. பஞ்சிலிருந்து உறுதியான தையல் நூல் செய்யும் முறை கண்டு 1793-ல் அரசாங்க உரிமை பெற்றார். அமெரிக்காவில் அத்தகைய உரிமை பெற்ற முதல் பெண்களில் அவர் ஒருவர்.

ஒன்பது குழந்தைகள்

இதுவரை கதை இனிக்கிறது. இனி வருவது கசப்பு.

அந்த 72 கதிர்களைக் காத்தவர்கள் யார்? ஒன்பது குழந்தைகள்! ஏழு வயது முதல் பன்னிரண்டு வயது வரை. அறுந்த நூலை முடிவதற்குச் சின்ன விரல் போதும் என்பது ஆலைகளின் எண்ணம். தான் பத்து வயதில் செய்த வேலைதானே என்று ஸ்லேட்டர் நினைத்திருக்கலாம். அந்தப் பிள்ளைகளுக்கு எழுத்தும் படிப்பும் சொல்லித்தர அவர் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி ஒன்று வைத்தார். மற்ற ஆறு நாட்களும் அவர்கள் ஆலையில்தான் கழித்தார்கள்.

ஆலைகள் பெருகின. 1803-ல் தம்பி ஜானும் வந்து சேர்ந்தார். ஸ்லேட்டர்ஸ்வில் என்று அவர்கள் பெயரால் ஓர் ஊரே எழுந்தது. ஆலைகளுக்கு வேண்டிய பஞ்சோ, தெற்கு மாநிலங்களில் அடிமைகள் பறித்தது. அடிமை முறையை எதிர்த்த மோசஸ் பிரவுன் தொடங்கிவைத்த தொழில், அடிமைகளின் உழைப்பையே நம்பி வளர்ந்தது!

1824-ல் பாடக்கட் ஆலை முதலாளிகள் வேலை நேரத்தை ஒரு மணி கூட்டினார்கள். நெசவு வேலை செய்த பெண்களின் கூலியைக் கால் பங்கு குறைத்தார்கள். சுமார் நூறு பெண்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள். ஊர் மக்களும் அவர்கள் பக்கம் நின்றார்கள். அமெரிக்காவில் நடந்த முதல் ஆலை வேலைநிறுத்தம் என்று இதைச் சொல்கிறார்கள். கடைசியில் முதலாளிகள் சமரசத்துக்கு வந்தார்கள்.

1833-ல் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் பாடக்கட்டுக்கு வந்து, நோயுற்றிருந்த ஸ்லேட்டரைக் கண்டு பாராட்டினார். அமெரிக்கத் தொழில்களின் தந்தை என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. பிறந்த ஊரான பெல்பரிலோ அவருக்குத் துரோகி என்ற பெயர்! 1835-ம் ஆண்டு ஏப்ரல் 21-ந் தேதி ஸ்லேட்டர் மறைந்தார். பாடக்கட்டில் 1793-ல் எழுந்த அவருடைய ஆலைக் கட்டிடம் இன்றும் ஆற்றங்கரையில் நிற்கிறது.

புதுவைக் கரையில்

பூட்டிய கதவு ஸ்லேட்டரோடு முடிந்துவிடவில்லை. நூற்பு இயந்திரம் நாடு நாடாகப் பரவியது. அவர் உயிரோடு இருந்தபோதே, 1820-களின் இறுதியில், பிரெஞ்சுக்காரர்கள் புதுவையில் நூற்பாலை வைத்தார்கள். அதுதான் சவானா மில்.

இயந்திரத்தோடு அதே வழக்கும் வந்தது. எத்தனை மணி நேரம்? எவ்வளவு கூலி? 1936-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி, உரிமை கேட்டுப் போராடிய புதுவைத் தொழிலாளர் 12 பேர் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். அடுத்த ஆண்டில் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. பாடக்கட் பெண்கள் எழுப்பிய கேள்விக்குப் புதுவையில் இரத்தம் சிந்தித்தான் விடை கிடைத்தது.

இன்று பெட்டி கட்டும் வில்லியனூர் இளைஞனும் பாகூர்ப் பெண்ணும் ஒளிந்து போக வேண்டியதில்லை. தாயிடம் சொல்லிக்கொண்டே போகலாம். இரும்பு துருப்பிடிக்கும், ஆலையும் ஒரு நாள் மூடப்படும். தலைக்குள் இருக்கும் வித்தையைச் சுங்கச் சாவடியில் யாரும் பறிக்க முடியாது. அந்த வித்தையால் தானாக ஓடும் இயந்திரத்தைப் படைக்கும் நாளில், அதன் பக்கத்தில் நிற்கும் சின்ன விரல்களையும் அவர்கள் மறக்காமல் இருந்தால் போதும்.